ஃபர்ஸ்ட் கியரில் வந்த கம்ப்யூட்டர்

கொடைக்கானல் மலைக்கு முதன்முதலில் ரோடு போட்டவர்கள் பாறையை உடைத்து, மரத்தை வெட்டி, மண்ணைக் கொட்டி, அடியடியாகப் போட்டுக்கொண்டே மேலே ஏறினார்கள். அப்படி ஏறியும், அவர்கள் ஃபர்ஸ்ட் கியரைவிட வேகமாகத்தான் ஏறியிருப்பார்கள் என்பது என் தீர்மானமான கருத்து.

ஃபர்ஸ்ட் கியர் என்பது ஒரு மனிதர். ஆதார் அட்டையில் வேறு ஏதோ பெயர் இருக்கும். ஊரில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே ஒரு சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். கீழேயிருந்து வாழை இலை, பூ, கோழித் தீவனம், கடைக்காரர்கள் சொல்லி வைத்த சாமான் வரும். மேலேயிருந்து கேரட், பூண்டு, பேரிக்காய் போகும். ஏறும்போது ஃபர்ஸ்ட் கியர். இறங்கும்போது தாராளமாக வேறு கியர் போடலாம். போட மாட்டார்.

ஒருமுறை வழியில் ஊத்து என்கிற ஊர்ப் பக்கம் ஒரு டூரிஸ்ட் ஜோடி, நின்றுகொண்டிருக்கும் வண்டி என்று நினைத்து அவர் வண்டியில் சாய்ந்தபடி செல்ஃபி எடுத்தது. எடுத்து முடித்து நிமிர்ந்து பார்த்தால் இருவரும் அடுத்த வளைவுக்கு வந்திருந்தார்கள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தால் அவர் கோபப்படுவதில்லை. கல்யாண வீட்டு வாசலில் நிற்பவரைப் போல ஜன்னல் வழியே கையை நீட்டி, "போங்க, போங்க, முன்னாடி போங்க" என்று உபசரித்து அனுப்புவார். ஒரு பஸ் கண்டக்டர் கேட்டே விட்டார்: "அண்ணே, நாங்க கீழ போயி, சாப்பிட்டு, ட்ரிப்பு திரும்பி வர்றோம். நீங்க இன்னும் இங்கனதான் கெடக்கீக?"

"மலை எங்கப்பா போயிறப் போகுது?" என்றாராம் ஃபர்ஸ்ட் கியர்.

இப்படிப்பட்டவரிடம் ஒருவன் தன் கம்ப்யூட்டரை ஒப்படைப்பானா? நான் ஒப்படைத்தேன். அதற்கு முன்னால் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை.

நான் ஏரிக்கரையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். தேனிலவு ஜோடிகளைப் பனிமூட்டத்தில் நிறுத்திப் படமெடுப்பது, கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது என் சோலி. ஸ்டூடியோவில் இருந்த கம்ப்யூட்டர் ஃபர்ஸ்ட் கியருக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒரு ஜோடியின் கல்யாண வீடியோவை அது செய்து முடிப்பதற்குள், அவர்கள் கைக்குழந்தையோடு வந்து, "ரெடியா சார்?" என்று கேட்டார்கள்.

அதனால் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கட்டுவது என்று முடிவு செய்தேன். வாங்குவது இல்லை, கட்டுவது. கையில் காசு சேரச்சேர ஒவ்வொரு பாகமாக வாங்கி, நானே பூட்டி, எடிட்டிங்கும் அனிமேஷனும் செய்து, பெரிய ஆளாகி விடுவது. இது என் மனைவி விமலாவிடம் சொன்ன காரணம். உள்ளுக்குள் இருந்த காரணம், அதில் கார் ரேஸ் கேம் விளையாட வேண்டும். என்னிடமிருந்த பழைய லேப்டாப்பில் அந்த கேமைப் போட்டால் கார் ஓடாது, லேப்டாப்பின் விசிறிதான் ஓடும்.

"கிரியேட்டிவ் வொர்க்குக்கு" என்றேன் விமலாவிடம்.

"விளையாடுறதுக்குன்னு சொன்னாலும் நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல" என்றாள். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறவள். தினமும் பலவிதமான லீவு லெட்டர்களைப் படித்துப் பழகியவள்.

மதுரையில் ஒரு கடைக்காரர் பாகங்களைத் தர ஒப்புக்கொண்டார். வத்தலக்குண்டு வரை அனுப்பி விடுவார். அங்கிருந்து மேலே? கொடைக்கானல் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது உள்ளே இருக்கிற மனிதர்களே இடம் மாறி உட்கார்கிறார்கள். மதர்போர்டு என்ன ஆகும்? கூரியர்காரர்கள் பார்சலைத் தூக்கி எறிகிற வீடியோக்களை வேறு நான் நிறையப் பார்த்து வைத்திருந்தேன். அப்போதுதான் ஃபர்ஸ்ட் கியரின் ஞாபகம் வந்தது. உலகத்திலேயே குலுங்காமல் வரும் ஒரே வண்டி.

"கண்ணாடிச் சாமானா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்பச் சரி" என்றார்.

புத்தியுள்ளவன் முதலில் என்ன பாகம் வாங்குவான் என்று எனக்குத் தெரியாது. நான் கேபினட் வாங்கினேன். அதாவது எல்லாப் பாகங்களையும் உள்ளே வைக்கிற வெளிக்கூடு. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, முன்னால் வானவில் நிறத்தில் மின்னும் விசிறிகள். வீடு கட்ட நிலமே வாங்காதவன் கேட்டை மட்டும் வாங்கி நட்டு வைத்த மாதிரி.

காலையில் கீழே ஏற்றிய பெட்டி சாயங்காலம் வந்து சேர்ந்தது. முட்டைக்கோஸ் நாற்றும் தீவன மூட்டையும் பின்னால் இருக்க, என் பெட்டி முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

"ஒரு பக்கம் கண்ணாடின்னு போட்டுருந்துச்சு. அதான் ஒக்கார வச்சுக் கூட்டியாந்தேன்" என்றார் ஃபர்ஸ்ட் கியர். "உள்ள என்ன தம்பி இருக்கு?"

"உள்ள ஒண்ணும் இல்லண்ணே. இனிமேத்தான் வாங்கணும்."

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் பெட்டியைப் பார்த்தார்.

"காலிப் பொட்டிக்கா ஒவ்வொரு வளைவுலயும் எறங்கி எறங்கிப் பாத்தேன்?"

அந்தக் கேபினட் எங்கள் வீட்டு முன்னறையில் பல மாதங்கள் காலியாக நின்றது. வருகிறவர்கள் மீன் வளர்க்கப் போகிறீர்களா என்று கேட்டார்கள். மழைக்காலத்தில் விமலா அதற்குள் காலுறைகளைக் காயப்போட்டாள். நான் ஆட்சேபித்தபோது, "காத்தோட்டமா இருக்கு. விசிறியெல்லாம் வேற வச்சிருக்கான்" என்றாள்.

அடுத்தடுத்துப் பாகங்கள் வர ஆரம்பித்தன. ஃபர்ஸ்ட் கியருக்கு இதில் என்னையும் மிஞ்சிய ஈடுபாடு வந்து விட்டது. ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்பார். நான் மனித உடம்பை வைத்து விளக்குவேன்: ப்ராசஸர் மூளை, மதர்போர்டு முதுகெலும்பு. அவர் கவனமாகக் கேட்டுக்கொள்வார். கேட்டதை வழி நெடுக டீக்கடைகளில் சொல்லிக்கொண்டே வருவார். அவர் வேகத்துக்கு எல்லாக் கடையிலும் நின்றுவர நேரம் இருந்தது.

இது எனக்குத் தெரியாது. ஒருநாள் ஒரு காதுகுத்து விழாவைப் படமெடுக்கப் பெருமாள்மலைக்குப் போனவன், அங்கே டீ குடிக்க நின்றேன். டீக்கடைக்காரர் என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு கட்டுக் கீரையோடு வந்தார்.

"வல்லாரை தம்பி. வெள்ளனே எந்திரிச்சு வெறும் வயித்துல மென்னு தின்னுங்க. இந்த வயசுல இப்படி ஆகக் கூடாது."

"எப்படிண்ணே?"

"மெமரி பத்தலையாமுல்ல. மதுரையிலருந்து புதுசா மெமரி வருதுன்னு ஃபர்ஸ்ட் கியர் அண்ணன் சொன்னாரு."

அது கம்ப்யூட்டருக்கான மெமரி என்று விளக்கினேன். அவர் மறதிக்காரர்களிடம் பேசும்போது எப்படித் தலையாட்டுவார்களோ அப்படித் தலையாட்டினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன தடவ பவர் சப்ளை வந்துச்சாமே, அப்பவே கேக்கணும்னு நெனச்சேன். கூச்சமா இருந்துச்சு. பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்காரு தம்பி. நல்ல கைராசி."

அன்று மாலை விமலா வீட்டுக்கு வந்து, தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் கேட்டாள்: "ஏங்க, எங்க ஆபீஸ் அக்கா எதுக்கு எனக்கு ஆறுதல் சொல்றாங்க?"

என் புத்திசாலித்தனத்தின் அடுத்த சான்று ப்ராசஸர். அது வந்த நாளில், பூட்டிப் பார்த்தால் மதர்போர்டில் உட்கார மறுத்தது. இரண்டும் வேறு வேறு கம்பெனி வகை. ஒன்றுக்கொன்று சேராது என்று இணையத்தில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. ஃபர்ஸ்ட் கியரிடம் அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

"பொண்ணு பிடிக்கலையா தம்பி?"

"பிடிச்சிருக்குண்ணே. பொருத்தம் இல்ல."

"அத மொதல்லயே பாக்க மாட்டாகளா?" என்று வருத்தப்பட்டுக்கொண்டே, அதை மறுபடி முன் சீட்டில் உட்காரவைத்துக் கீழே கூட்டிப்போனார். அதற்குப் பதிலாக வந்த ப்ராசஸர் பொருத்தமாக உட்கார்ந்தது. கடைசியில் எல்லாம் வந்துவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று. கிராபிக்ஸ் கார்டு. படத்தைத் திரைக்குக் கொண்டுவருகிற பாகம். மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் விலையில் அதற்கு ஈடாகாது.

அந்த நேரத்தில்தான் நான் வாழ்க்கையின் பெரிய காரியம் ஒன்றைச் செய்தேன். மேல்மலைப் பக்கம் புது விடுதி கட்டிய ஒருவர், திறப்பு விழாவில் திரையில் ஓட்டுவதற்கு ஒரு அனிமேஷன் படம் வேண்டும் என்றார். செய்து தருகிறேன் என்றேன். கையோடு ஸ்டூடியோ முதலாளியிடம் போய் வேலையை விட்டு நின்றுகொண்டேன். எதில் செய்யப் போகிறேன் என்று அவர் கேட்டார். "சொந்த சிஸ்டம்" என்றேன். அப்போது அந்தச் சிஸ்டத்தில் விமலாவின் ஒரு காலுறை இருந்தது.

வேலையை விட்டதை விமலாவிடம் அதன் பிறகுதான் சொன்னேன். "கார்டு எப்ப வருது?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரலுக்கு அப்புறம் கார் ரேஸ் கேமின் ஞாபகமே எனக்கு வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் ஃபர்ஸ்ட் கியரின் போன். "தம்பி, சாமான் கைக்கு வந்துருச்சு. கெளம்பிட்டேன். நெனச்சுக்கிட்டு இருக்காம சாப்பிடுங்க."

மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் செய்தி பரவியது. ஊத்துக்கு மேலே மண் சரிந்து ரோடே மூடிவிட்டது. ஒரு லோடு வண்டி அங்கே வந்ததைப் பார்த்திருக்கிறார்கள், அப்புறம் தெரியவில்லை. அவர் போனுக்கு அடித்தேன், போகவில்லை.

"ஐயோ, கார்டு" என்றேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். விமலா திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்கு வியர்த்தது. கொடைக்கானலில், ஐப்பசியில்.

பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கை வாங்கிக்கொண்டு மழையில் இறங்கினேன். பெருமாள்மலையைத் தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றன. பைக்கை ஓரங்கட்டிவிட்டு நடந்தேன். நடக்க நடக்க, முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்த அந்தக் காலிப் பெட்டிதான் கண் முன்னால் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் இறங்கிப் பார்த்திருக்கிறார் மனிதர். நான் ஒருநாள்கூட அவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டதில்லை. அந்தக் கார்டு மலையோடு போகட்டும் என்று அன்றைக்கு ரோட்டில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

மண்மேட்டுக்கு இந்தப் பக்கத்தில், மேல்நோக்கி மூக்கை நீட்டியபடி அவர் வண்டி நின்றது. என்ஜின் அணைந்திருந்தது. உள்ளே ஃபர்ஸ்ட் கியர் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார். படுதாவைக் கழற்றிச் சுற்றிய பார்சல் அவர் மடியில் நனையாமல் இருந்தது.

"அண்ணே, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன தம்பி. தப்பு நடந்து போச்சு."

"என்னண்ணே?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "செகண்ட் கியர் போட்டுட்டேன்" என்றார்.

மெதுவாகத்தான் கதை வந்தது. மேலேயிருந்து பொடிக்கற்கள் உருண்டதை அவர் பார்த்திருக்கிறார். பின்னால் ஒரு பஸ். ஜன்னல் வழியே கையை நீட்டி, நில்லு என்று காட்டியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் அந்தக் கை அப்படிக் காட்டி யாரும் பார்த்ததில்லை. டிரைவர் திகைத்துப்போய் பிரேக் போட்டிருக்கிறார். இவர் கியரை மாற்றி மிதித்திருக்கிறார். மலை அவருக்குப் பின்னால், பஸ்ஸுக்கு முன்னால் இறங்கியிருக்கிறது. பழக்கமில்லாத கியரைக் கண்ட என்ஜின் கொஞ்ச தூரம் ஓடி உயிரை விட்டது. மண்மேட்டுக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் வந்தவர்கள் குடையும் கையுமாக நின்று அவரைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸை அடுக்கம் ரோடு வழியாகத் திருப்பிவிடப் போகிறார்கள் என்று பேச்சு.

"அத்தனை பேரைக் காப்பாத்தியிருக்கீங்கண்ணே" என்றேன்.

"அது கெடக்கு தம்பி. பொட்டி குலுங்கிருச்சு. நல்லாவே குலுங்கிருச்சு."

பெருமாள்மலையிலிருந்து ஒரு டிராக்டர் வந்து வண்டியை இழுத்தது. டிராக்டர்காரர் ரொம்ப வெரசாப் போறார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் ஃபர்ஸ்ட் கியர்.

மறுநாள் பூட்டுவிழா. அவரை வரச் சொல்லியிருந்தேன். வெளுத்த வேட்டி, ஸ்வெட்டர், கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். கார்டைச் செருகினேன். மூடினேன். சுவிட்சைத் தட்டினேன். விசிறிகள் வானவில்லாகச் சுழன்றன. விமலாவே கொஞ்சம் முன்னால் நகர்ந்து பார்த்தாள்.

திரை கறுப்பாக இருந்தது.

"கலரெல்லாம் வருது. படம் வரலையே தம்பி?" என்றார்.

நான் அறிவாளியைப் போல எதையெதையோ தட்டிப் பார்த்தேன். பிறகு டாக்டர் வெளியே வந்து சொல்வதைப்போல, "கார்டு அடி வாங்கிருச்சு" என்றேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் என் பெருந்தன்மை பொங்கியது. "பரவால்லண்ணே. நீங்க என்ன, வேணும்னேவா செஞ்சீங்க? நான் மன்னிச்சிட்டேன்" என்றேன். அவ்வளவு அழகாக நான் யாரையும் மன்னித்ததே இல்லை. எனக்கே கண் கலங்கியது. அவர் டீ குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அப்புறம் அவர் வண்டியை எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். என்ஜின் சரியாகிவிட்டது, ஆள்தான் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன் என்கிறார், பூண்டுக்காரர்கள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டும் வரவில்லை என்றார்கள். விடுதிக்காரர் இங்கே தினமும் போன் செய்தார். கார்டைத் திருப்பி அனுப்புவதற்கு அட்டைப்பெட்டி தேடிக்கொண்டிருந்தேன். விமலா கேபினட்டின் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இங்க ஒரே மாதிரி ஓட்டை மேல ஒண்ணு, கீழ ஒண்ணு இருக்கே. திரைக்குப் போற வயரை மேல சொருகியிருக்கீங்க. புதுசா வச்ச கார்டு கீழல்ல இருக்கு?"

அது மதர்போர்டின் வழி, இது கார்டின் வழி என்று அவளுக்கு ஒரு சிறிய வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். வகுப்பின் பாதியில் எனக்கே பாடம் புரிந்தது. அதற்குள் அவள் வயரைப் பிடுங்கிக் கீழே செருகி, சுவிட்சையும் தட்டிவிட்டாள். திரை பளிச்சென்று விழித்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தது.

நான் செருப்புக்கூடப் போடாமல் நாயுடுபுரத்தில் இருக்கிற அவர் வீட்டுக்கு ஓடினேன். ஃபர்ஸ்ட் கியர் வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப கார்டுக்கு ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமில்லண்ணே. கோளாறு எனக்குத்தான். வயரை மாத்திச் சொருகிட்டேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பூண்டைக் கீழே வைத்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "அந்த வல்லாரைய ஒழுங்கா சாப்பிடுறீகளா இல்லையா?"

அன்று மாலை அவர் எங்கள் வீட்டில் டீ குடித்தார், இரண்டு தடவை. கார் ரேஸ் கேமைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். பனி மலை, வளைந்த ரோடு. மற்ற கார்களெல்லாம் சீறிப்போய், ஒரு சுற்று முடித்து, அவரை மறுபடி தாண்டின. ரேஸ் முடிந்தது என்று திரையில் எழுத்து வந்தது. அவர் ஒரு பாலத்தின் ஓரமாகக் காரை நிறுத்தி வைத்திருந்தார்.

"முடிஞ்சு போச்சுண்ணே."

"அவுக சோலி முடிஞ்சிருக்கும். கீழ ஆறு ஓடுது பாருங்க தம்பி. எம்புட்டுத் தெளிவாத் தெரியுது" என்றார். விமலா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விடுதிக்காரரின் படம் விழாவுக்குத் தயாராகிவிட்டது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் வேலை கொடுத்தார்கள். ஃபர்ஸ்ட் கியர் எங்கள் வீட்டில் டீ குடித்த மறுநாளே வண்டியை எடுத்துவிட்டார். பின்னால் மறுபடி ஹாரன் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் மலை ரோடு பழையபடி ஆனது.

இப்போதெல்லாம் எங்கள் தெருவுக்கே கூரியர் வருகிறது. பெட்டியும் நசுங்குவதில்லை, தாமதமும் ஆவதில்லை. இருந்தாலும் போன மாதம் மவுஸுக்கு அடியில் போடுகிற ஒரு விரிப்பை வத்தலக்குண்டு விலாசத்துக்கு அனுப்பச் சொன்னேன். அதற்கு முந்தைய மாதம் ஒரு ஸ்க்ரூடிரைவர். முன் சீட்டில் பெல்ட்டைக் கழற்றிப் பார்சலை என் கையில் கொடுக்கும்போது, "இன்னும் முடியலையா தம்பி?" என்று கேட்கிறார்.

கம்ப்யூட்டர் முடிந்து நாளாகிறது. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.